மூன்று மணிக்கு ஆடும் எண்

அந்த நவம்பரில் பிற்பகல் மூன்று மணியை நெருங்கும்போதெல்லாம் வேம்புலியம்மாள் கடிகாரத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அம்பத்தூர் தொழிற்பேட்டையின் பின்வரிசையில் ஒரு லேத் பட்டறை. எட்டு மெஷின், பதினான்கு ஆட்கள், மழை வந்தால் வாசலில் முழங்கால் தண்ணீர். அங்கே அவள் செக்கிங். மெஷினிலிருந்து வரும் எஃகுப் பின்களை டிஜிட்டல் வெர்னியரின் தாடைகளுக்கு நடுவே பிடித்து, சின்னத் திரையில் தெரியும் எண்ணைப் பார்த்து, சரியென்றால் பச்சைப் பெட்டி, தவறென்றால் சிவப்புப் பெட்டி என்று போட வேண்டும்.

பின்னின் பருமன் பன்னிரண்டு மில்லிமீட்டர். கூடினாலும் குறைந்தாலும் ஐம்பது மைக்ரானுக்குள் இருக்க வேண்டும். ஒரு தலைமுடியின் பருமனைவிடக் குறைவான இடைவெளி அது. அந்தப் பின் லிஃப்டின் பிரேக்கில் மாட்டப்படுவது. பின் மெலிந்தால் பிரேக்கின் கை ஆடும். ஆடுகிற கை தேயும். தேய்ந்த கை ஒருநாள் முழுதாகப் பிடிக்காமல் போகலாம். இதை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. பின்களை அடுக்கி அனுப்பும் பெட்டியின் மேலிருந்த படத்தைப் பார்த்துத் தானே தெரிந்துகொண்டாள்.

தானே தெரிந்துகொண்டதுதான் எல்லாமும். பாரிவாக்கத்தில் அவள் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். அந்த வயல் மனைகளாகி, மனைகளில் மாடிகள் எழுந்தன. நட்டவர்களுக்கு அதில் ஒரு சதுர அடியும் சேரவில்லை. கணவர் இறந்த வருஷம் வேம்புலியம்மாள் இந்தப் பட்டறைக்கு இரும்புத்தூள் கூட்ட வந்தாள். கூட்டிக்கொண்டே முள் வெர்னியரைப் படிப்பது எப்படி என்று பார்த்தாள். பத்தாம் வகுப்புக் கணக்கு கை கொடுத்தது. மூன்றாவது வருஷம் செக்கிங் மேஜைக்கு வந்தாள். இப்போது ஒன்பது வருஷம். இன்றும் அவள் பெயர் பட்டறையின் சம்பளப் பட்டியலில் கிடையாது. ஒரு கான்ட்ராக்டரின் நோட்டில் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு சரக்கு லாட்டோடும் போகிற சோதனை அறிக்கையின் அடியில் இருப்பது அவள் கையெழுத்து. கூலி வாங்கும்போது அவள் யாரோ ஒருத்தி. பழி ஏற்கும்போது மட்டும் பட்டறையின் ஆள். இந்த ஏற்பாட்டை நம் நாட்டில் நிர்வாகத் திறமை என்று அழைக்கிறார்கள்.

ஒரு திங்கட்கிழமை மூன்று மணிக்கு அவள் ஒரே பின்னை இரண்டு முறை அளந்தாள். முதலில் 11.92 காட்டியது, அது சிவப்புப் பெட்டிக்குரியது. மறுபடி அளந்தால் 11.99. திரையில் கடைசி எண் நிற்காமல் துடித்தது. தாடையைத் துடைத்துவிட்டு மூன்றாவது முறை பிடித்தாள். 11.98.

இப்படி ஆடுவது முந்தின வாரமே தொடங்கியிருந்தது. தன் கண்தான் கெட்டுவிட்டது என்று நினைத்தாள். நாற்பத்து மூன்று வயது. கண்ணாடி போட்டால் செக்கிங்கிலிருந்து எடுத்துவிடுவார்களோ என்று வெளியே சொல்லவில்லை. பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு: மூன்று முறை அளந்து இரண்டு முறை பாஸ் ஆனால் பாஸ். முதலாளி இராமகிருஷ்ணன் வைத்த வழக்கம். அப்படிப் பார்த்துத்தான் முந்தின சனிக்கிழமை நானூறு பின்னுக்குக் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தாள்.

அந்த நானூறு இப்போது நினைவுக்கு வந்தது.

உறையிலிருந்து மாஸ்டர் பின்னை எடுத்தாள். அது துல்லியமாகப் பன்னிரண்டு மில்லிமீட்டர் இருக்கும்படி கடைந்து, சான்றிதழோடு வாங்கிய பின். காலையில் எட்டரைக்கு அதைப் பிடித்து 12.00 வருகிறதா என்று பார்த்து, அட்டையில் எழுதிவிட்டுத்தான் அவள் வேலை தொடங்குவாள். அன்று காலையும் 12.00 வந்தது. இப்போது வெர்னியர் 12.07 என்றது.

சூப்பர்வைசர் டில்லிபாபுவைக் கூப்பிட்டாள். அவளைவிடப் பத்து வயது சின்னவன். நெற்றியில் பட்டை, மணிக்கட்டில் மூன்று நிறக் கயிறு.

"இன்னாக்கா, மணி மூணாச்சா? பேய் வந்துட்ச்சா?"

"வெளாடாதே டில்லி. மாஸ்டரே ஆடுது, பாரு."

அவன் பார்த்தான். சிரிப்பு நின்றது. "அன்னிக்கே சொன்னேன். ஆயுத பூஜை அன்னிக்கு சந்தனம் வைக்க வந்தா, வெர்னியர் மேல வைக்காதே, ஸ்கேல்ல எறங்கிடும்னு கைய புட்சிக்கினு தடுத்தே. சாமி சாமானுக்குப் பொட்டு வைக்க வேணாம்னா சும்மா உடுமா?"

"நான் ஸ்கேல்லதான வேணாம்னேன். உறை மேல வையின்னேனே."

"அதெல்லாம் ஆத்தா கணக்குல வராதுக்கா. இதுல ராகு காலம் வேற. இன்னா பண்ணுவே? ஒரு எலுமிச்சம்பழம் சுத்திப் போடு. சரியாப் பூடும்."

வேம்புலியம்மாள் சாமியை நம்பாதவள் அல்ல. அவள் பெயரே ஊர் அம்மனின் பெயர். ஆகவே அன்று மாலை பேருந்தில் அவளோடு வந்தது இரட்டைப் பயம். கையைப் பிடித்துத் தடுத்ததற்கு அம்மன் தண்டிக்கிறாள் என்பது ஒன்று. அந்தத் தண்டனை தன் மேல் விழாமல், லிஃப்டில் ஏறும் யார் மேலோ விழப்போகிறதே என்பது மற்றொன்று. அவள் மகள் சிம்ரன் பூந்தமல்லி பக்கத்தில் நான்கு மாடி ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். நாளெல்லாம் ஸ்ட்ரெச்சரோடு லிஃப்டில்தான் ஏறி இறங்குகிறாள்.

"கொஞ்ச நாளிக்கு படில போம்மா," என்றாள் சோறு போடும்போது.

"ஸ்ட்ரெச்சர படில உருட்டிக்கினு போவட்டா? இன்னாமா ஆச்சு உனுக்கு?" என்று சிரித்தாள் சிம்ரன்.

பயந்தவர்கள் இரண்டு வழியில் ஒன்றில்தான் போவார்கள். எலுமிச்சம்பழத்தைத் தேடுவார்கள், அல்லது பார்க்கத் தொடங்குவார்கள். இவள் பழமும் வாங்கினாள்; பார்க்கவும் தொடங்கினாள். வீட்டில் தொங்கிய தினசரிக் காலண்டரில் ராகு காலம் அச்சிட்டிருக்கும். திங்களுக்குக் காலை ஏழரையிலிருந்து ஒன்பது. அவள் நின்றுவிட்டாள். திங்கள் எட்டரைக்குத்தானே மாஸ்டர் சரியாக இருந்தது? ராகு காலத்தில் சரியாகவும் நல்ல நேரத்தில் தவறாகவும் காட்டுகிற ராகு என்ன ராகு?

செவ்வாய் முதல் மாஸ்டர் பின்னை மணிக்கு ஒரு தரம் அளந்து, பழைய அறிக்கைத் தாளின் பின்புறம் எழுதினாள். செவ்வாய் மூன்று மணி ராகு காலம், 12.06. புதன் பன்னிரண்டரை ராகு காலம், 12.00. அன்றே மூன்றேகாலுக்கு, ராகு போன பிறகு, 12.09. வியாழன் இரண்டு மணி ராகு காலம், 12.01. மூன்றேகாலுக்கு 12.08. ராகு காலம் நாளுக்கு நாள் இடம் மாறியது. கோளாறு மாறவில்லை. இன்னொன்றையும் கண்டாள்: வெர்னியரை அணைத்து அரைமணி நேரம் வைத்துவிட்டு எடுத்தால் சிறிது நேரம் ஒழுங்காக இருந்தது. களைத்தவன் உட்கார்ந்து எழுந்ததுபோல. அம்மனின் கோபம் ஓய்வெடுத்துக்கொள்ளுமா என்ன?

அந்த மூன்று நாளும் காலையில் கடைந்த பின்களை மட்டும் அளந்தாள். பிற்பகல் பின்களைத் தனி டப்பாவில் போட்டு, மேலே துணி மூடினாள். குவியல் ஏறிக்கொண்டே போனது. யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

வியாழன் மாலை வெர்னியரின் மூடியைத் திறந்து, உள்ளிருந்த பொத்தான் அளவு பேட்டரியை, பட்டன் செல் என்பார்களே அதை, ஒரு காகிதத்தில் மடித்துக்கொண்டாள். குமணன்சாவடியில்தான் அவள் பேருந்து மாறுவது. அங்கே பாலத்தடியில் முகமது இஸ்மாயில் கைக்கடிகாரம் பழுது பார்க்கிறார். அரை ஆள் நுழைகிற கடை.

அவர் செல்லை மீட்டரின் இரு முனைக்கு நடுவே வைத்தார். "ஒண்ணு முப்பத்தெட்டு. இன்னாமா இது, உசுரு போற நேரத்துல தூக்கிக்கினு வந்துக்கீறே? இத்த எதுல போட்டீங்க?"

"அளவு பாக்குற வெர்னியர்ல பாய்."

"அடப்பாவிங்களா." செல்லைத் திருப்பி முதுகிலிருந்த எழுத்தைக் காட்டினார். "எல்ஆர் நாப்பத்து நாலு. அளவுச் சாமானுக்கு எஸ்ஆர் நாப்பத்து நாலு போடணும். ரெண்டும் ஒரே சைஸு, ஒரே மூஞ்சி. எல்லு அல்கலைன், எஸ்ஸு சில்வர். அல்கலைன் நாளுக்கு நாள் எறங்கிக்கினே வரும். பொம்மைல போட்டா மெதுவாப் பாடும், பரவால்ல. உன் வெர்னியர் ஒண்ண அஞ்சு வேணும்னு கேக்கும். அதுக்குக் கீழ போனா கண்டபடி ஒளறும். சில்வர் அப்டி இல்ல. கடைசி நாள் வரிக்கும் ஒரே மாரி நிக்கும், முடிஞ்சா பட்டுனு அணைஞ்சிடும். சாவுற வரிக்கும் பொய் சொல்லாது."

"காலைல சரியா காட்டுது பாய். மூணு மணிக்கு மேலதான்..."

"ராத்திரி ரெஸ்ட் எடுத்தா கொஞ்சம் ஏறும். நாளெல்லாம் வேல வாங்குனா எறங்கும். மனுசன் மாரிதான்."

அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "பூஜை அன்னிக்கு சந்தனம் வைக்க உடாம தடுத்தேன். அதனாலன்னு சொல்றாங்க."

இஸ்மாயில் கண்ணிலிருந்த லென்ஸைக் கழற்றினார். "ஈரச் சந்தனம் ஸ்கேல்ல பட்டா ஆடும்தான். நீ தடுத்தது நல்லது. உங்க ஆத்தாளுக்கு ஊர்ல எத்தினி வேல கீது? அம்பத்தூர் எஸ்டேட்ல உக்காந்து உன் வெர்னியரப் பாத்துக்கினு கீறாளா?"

அந்த வாரத்தில் முதல் தடவையாக அவளுக்குச் சிரிப்பு வந்தது. எஸ்ஆர் செல் ஒன்று வாங்கினாள். "காது மெஷின் செல்லும் இதே சைஸுல வரும், அத்தயும் போட்டுடாதே. எழுத்தப் பாத்து வாங்கு," என்று பின்னாலிருந்து கத்தினார்.

பேருந்தில் ஏறிய பிறகுதான் நடந்தது முழுதாக விளங்கியது. பூஜைக்கு முந்தின நாள் பட்டறையை அலம்பி, எல்லாச் சாமானையும் மேஜையில் வரிசை வைப்பார்கள். பழைய செல்லோடு சாமி முன் சாமான் போகக் கூடாது, புதுசு போட்டுத்தான் பூஜை என்பது டில்லிபாபுவின் வழக்கம். முதலாளிக்கும் பிடித்த வழக்கம். ஒரு சில்வர் செல் விலையில் பத்து செல் அட்டையாகக் கிடைத்தது. வாங்கிப் போட்டார்கள். இன்னும் ஒரு வருஷம் உண்மை சொல்லக்கூடிய செல்களைக் கழற்றி, உடைத்த திருஷ்டிப் பூசணியோடு கூட்டித் தள்ளினார்கள். பக்தியின் பெயரால் பட்டறையின் கண்ணைப் பிடுங்கிவிட்டு, கண் தெரியவில்லையே என்றவளைப் பாவி என்றார்கள்.

அம்மன் பயம் போயிற்று. அது போன இடத்தில் வந்தது அதைவிடப் பெரியது. சாமி குற்றம் என்றால் எலுமிச்சம்பழத்தோடு முடிந்திருக்கும். இப்போது அவளுக்குக் காரணம் தெரியும். தெரிந்த பிறகு வாயை மூடிக்கொண்டால், அந்த நானூறு பின்னும் அவள் தெரிந்தே அனுப்பியதாகும்.

வெள்ளிக்கிழமை காலை புதுச் செல்லைப் போட்டாள். மாஸ்டர் பின் 12.00. எண் கல்லில் செதுக்கியதுபோல நின்றது. பிறகு அலமாரியைத் திறந்தாள். ஒவ்வொரு லாட்டிலும் ஐந்து பின்னைச் சாட்சிக்கு எடுத்து வைப்பது முறை. முந்தின சனிக்கிழமைப் பொட்டலத்தைப் பிரித்தாள். முதல் பின் 11.98. இரண்டாவது 11.97. மூன்றாவது தாடையிலிருந்து நழுவியது. குனிந்து எடுத்து மறுபடி பிடித்தாள். 11.90. நான்காவது 11.98. ஐந்தாவது 11.91.

ஐந்தில் இரண்டு மெலிவு. நானூறில் எத்தனை?

இராமகிருஷ்ணன் தன் கண்ணாடி அறையில் பொரிகடலை தின்றுகொண்டிருந்தார். அவள் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். கதவருகே டில்லிபாபு நின்றான்; முகம் வெளுத்திருந்தது.

"சரி, புது செல் போட்டாச்சு இல்ல? இனிமே ஒழுங்கா பாரு," என்றார் முதலாளி.

"போன லாட்டு சார்? அது பிரேக்குல மாட்றது."

"கஸ்டமர் அவன் சைடுல செக் பண்ண மாட்டானா? நாம வாயத் தொறந்தா நானூறும் திரும்பி வரும். ஆர்டர் போகும். பதினாலு குடும்பம்மா. உனக்கு அந்தப் பாவம் வேணுமா?"

பாவம் என்ற சொல் எப்போதும் மேலிருந்து கீழேதான் உருளுகிறது. பதினான்கு குடும்பத்தின் நினைவு அவருக்கு அட்டைச் செல் வாங்கியபோது வரவில்லை.

"கீழ என் கையெழுத்து கீது சார்," என்றாள்.

"அதத்தான் நானும் சொல்றேன். கையெழுத்து உன்னோடது. நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா போலீஸ் என்னையா தேடும்?"

வெளியே வந்ததும் டில்லிபாபு பின்னாலேயே ஓடி வந்தான். "அக்கா, அந்த செல்ல வாங்கினது நான். என் பேர மட்டும் சொல்லிடாதேக்கா. ஊட்ல கைக்கொழந்த கீது."

"உன் கொழந்த லிஃப்டுல ஏறாதா டில்லி?"

அவன் மணிக்கட்டுக் கயிற்றைத் திருகிக்கொண்டே மெஷின் பக்கம் திரும்பிப் போனான்.

சாப்பாட்டு நேரம். மழை தகர ஷெட்டின் மேல் கொட்டிக்கொண்டிருந்தது. பேக்கிங் சீட்டில் வாடிக்கைக் கம்பெனியின் தரப்பிரிவு எண் அச்சிட்டிருந்தது. கழிப்பறைக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டியோரம் நின்று அவள் எண்ணை அழுத்தினாள். இரண்டு முறை மணி அடித்ததும் துண்டித்தாள். வேலை போகும். சிம்ரனின் சம்பளத்தில் பாதி அவள் படிப்புக் கடனுக்கே போய்விடுகிறது. போலீஸ் என்றாரே. எழுதப் படிக்கத் தெரிந்த பெரியவர்கள் ஒன்றுகூடி இவள்தான் செய்தாள் என்றால், இல்லையென்று சொல்ல யார் வருவார்கள்? ஐந்து பின்னும் ஒரு பழைய தாளும் வருமா?

மறுபடி அழுத்தினாள். இந்தத் தடவை துண்டிக்கவில்லை.

எடுத்தவர் பெயர் ஸ்ரீநாத். இளங்குரல். தொடக்கத்தில் அவள் சொன்னது அவருக்குப் புரியவில்லை. மழைச் சத்தம் வேறு. "எந்த லாட்டும்மா? மெதுவா சொல்லுங்க," என்றார். அவள் லாட் எண்ணைச் சொன்னாள். அவர் அதை எழுதிக்கொண்டார். "உங்க பேரு?" என்று கேட்டார்.

சொல்லாமல் இருந்திருக்கலாம். "வேம்புலியம்மாள். ரிப்போர்ட்ல கையெழுத்து என்துதான் சார்," என்றாள்.

சனிக்கிழமை காலை ஸ்ரீநாத் தன் கருவிப் பெட்டியோடு நேரே வந்துவிட்டார். இராமகிருஷ்ணன் டீ வரவழைத்தார், பிஸ்கட் வரவழைத்தார். "செக்கிங்ல ஒரு லேடி, கண்ணு சரியில்ல, நாங்களே மாத்தணும்னு இருந்தோம்," என்றார். வேம்புலியம்மாள் ஐந்து பின்களையும், பழைய செல்லையும், மூன்று நாள் மணிக்கணக்கு எழுதிய தாளையும் மேஜையில் வைத்தாள். ஸ்ரீநாத் மைக்ரோமீட்டரால் அளந்தார். ஐந்தும் அவள் சொன்ன எண்ணிலேயே நின்றன.

"இவங்க கண்ணு நல்லாத்தான் சார் இருக்கு," என்றார் ஸ்ரீநாத். தாளைப் படம் எடுத்துக்கொண்டார். செல்லை யார் மாற்றியது என்று கேட்டார்.

"பூஜைக்கு மாத்தினாங்க," என்றாள். கதவருகே நின்ற டில்லிபாபு மூச்சு விட்டான்.

அன்று மாலையே கான்ட்ராக்டரிடமிருந்து போன் வந்தது. திங்கள் முதல் வர வேண்டாம். அனுபவச் சான்றிதழ் கேட்டதற்கு, "கம்பெனில உன் பேரே இல்லியேம்மா, இன்னா சர்டிபிகேட்டு?" என்றான். சட்டப்படி அவன் சொன்னது சரி. ஒன்பது வருஷத்து அநியாயமும் அந்தச் சரிக்குள்தான் இருந்தது.

அவளைத் தூங்கவிடாமல் செய்தது வேலை அல்ல. நானூறு பின்னில் முந்நூற்று எண்பத்தொன்பதுதான் வாடிக்கைக் கம்பெனியின் கிடங்கில் கிடைத்தது. பதினொன்று ஏற்கெனவே மாட்டப்பட்டு மூன்று கட்டடங்களுக்குப் போய்விட்டது. எந்தக் கட்டடம் என்று ஸ்ரீநாத்தைக் கேட்டாள். "அத நான் சொல்லக் கூடாதும்மா. ஆளு அனுப்பியாச்சு, ஓடாம நிறுத்தி வைக்கச் சொல்லியாச்சு," என்றார். சொல்லியாச்சு என்றால் நிறுத்தியாயிற்று என்று அர்த்தமில்லை என்பது பட்டறையில் வேலை செய்த எவருக்கும் தெரியும். மாடிக்கட்டடத்தைக் கடக்கும்போதெல்லாம் அண்ணாந்து மாடிகளை எண்ணினாள். சிம்ரனுக்கு மணிக்கொரு தரம் போன் செய்தாள். நான்காம் நாள் மகள் கோபித்துக்கொண்டு எடுக்கவில்லை. அடுத்த இருபது நிமிஷத்தில் தாய் ஆஸ்பத்திரி வாசலுக்கே போய் நின்றாள். சிம்ரன் கையில் மருந்துத் தட்டோடு இறங்கி வந்து, அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, திட்ட வாயெடுத்தவள் அவளை வாசல் பெஞ்சில் உட்கார வைத்தாள்.

செவ்வாயன்று ஆறு பின் மாற்றினார்கள். புதனன்று மூன்று. மீதி இரண்டு இருந்த கட்டடத்தில், லிஃப்ட் ஓடிக்கொண்டுதான் இருக்கிறதாம், பூட்டிய மெஷின் அறைச் சாவி காணோமாம்.

வியாழக்கிழமை ஆவடி போகும் சாலையில் ஒரு தொழிற்சாலை வாசலில் வேலைக்கு வரிசையில் நின்றிருந்தாள். முன்னால் இருபது பெண்கள். எல்லார் கையிலும் சான்றிதழ் உறை; இவள் கையில் ஆதார் அட்டை மட்டும். அப்போது போன் அடித்தது. ஸ்ரீநாத்.

"பூட்ட உடைச்சுட்டோம்மா. ரெண்டையும் மாத்தியாச்சு. ஒண்ணு 11.89. பதினொண்ணும் வந்துடுச்சு. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல."

அவள் வாசலோரச் சேற்றைப் பார்க்காமல் உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னாமா, மயக்கமா? சாப்டியா இல்லியா?" என்று ஓடி வந்தார் வாயிற்காவலர். "இங்க உக்காராதம்மா, உள்ளேர்ந்து வண்டி வரும். எழுந்திரு, லைனு நவுருது பாரு."

முன்னால் நின்ற பெண் கை கொடுத்தாள். அதைப் பிடித்துக்கொண்டு வேம்புலியம்மாள் எழுந்தாள்.